பொனான்ஸா: அடித்தது யோகம், அது எத்தனை நாளைக்கு?

கேட்கப்பட்ட கேள்வி இது: "பொனான்ஸா என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் 'பெருவளம், வளமான ஆதாரம்' என்று போட்டிருக்கிறது. துணிக்கடைக்காரர் 'ஆடி பொனான்ஸா' என்று பேனர் கட்டுகிறார். ஆங்கிலச் செய்தியில் அரசு ஊழியருக்கும் பொனான்ஸா, வக்கீலுக்கும் பொனான்ஸா. சரியான பொருள் என்ன? எங்கே பயன்படுத்துவது? தமிழில் எப்படிச் சொல்வது?"

அகராதி சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த இரண்டு சொல்லை மட்டும் நம்பி மொழிபெயர்க்க உட்கார்ந்தால் காலை வாரிவிடும். என் காலை வாரியிருக்கிறது. பத்திரிகை வேலைக்குச் சேர்ந்த புதிதில், சின்ன வெங்காய விலை தாறுமாறாக ஏறிய ஒரு பருவத்தில், ஏஜென்சியிலிருந்து ஓர் ஆங்கிலச் செய்தி வந்தது. வெங்காய விவசாயிகளுக்கு பொனான்ஸா என்பது அதன் தலைப்பு. ராத்திரி பதினொன்றரை மணி, பக்கம் முடிக்கிற அவசரம். 'வெங்காய விவசாயிகளுக்கு போனஸ்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். பார்த்த ஒருவருக்கும் உறுத்தவில்லை. மறுநாள் காலை பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். "தம்பி, அந்த போனஸுக்கு எந்த ஆபீஸ்ல மனு குடுக்கணும்? வி.ஏ.ஓ. கையெழுத்து வேணுமா?"

அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்பது அப்புறம். நான் எங்கே சறுக்கினேன் என்று முதலில் பார்ப்போம். காதுக்கு இரண்டும் ஒரே மாதிரி கேட்கிறது, அர்த்தத்திலும் 'கூடுதல் பணம்' என்ற வாடை இருக்கிறது, ஆகவே போனஸ் என்று கை போய்விட்டது. இரண்டு சொல்லும் சொந்தக்காரர்கள்தான். 'நல்ல' என்று பொருள்படும் 'போனுஸ்' என்ற லத்தீன் சொல்லின் பிள்ளைகள். ஆனால் ஒன்றுக்கொன்று நேர்எதிர் குணம். போனஸ் என்பது கணக்குப் போட்டு வருவது. நம் நாட்டில் சட்டப்படி ஆண்டுச் சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். அந்த 8.33 என்ன என்று பார்த்தால், நூறைப் பன்னிரண்டால் வகுத்தது, அதாவது ஒரு மாதச் சம்பளம். தீபாவளிக்கு இவ்வளவு கைக்கு வரும் என்று ஆவணியிலேயே தெரியும், சீட்டுப் பணத்தைக்கூட அதை நம்பிக் கட்டலாம். பொனான்ஸாவை நம்பி அப்படி ஒரு பைசாவுக்கும் வாக்குக் கொடுக்க முடியாது. அது வருமா என்று தெரியாது, எவ்வளவு என்று தெரியாது, எத்தனை நாள் என்றும் தெரியாது. வந்தால் மட்டும் கொட்டும்.

இந்தக் குணம் அதற்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், பயன்பாட்டுக்கு விதி ஒன்றும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பொனான்ஸா கடலில் பிறந்த சொல். ஸ்பானிஷ் மொழியில் அதற்கு முதல் பொருள் அலை அடங்கிய கடல், நல்ல வானிலை. இன்றைக்கும் அங்கே அந்தப் பொருள் உண்டு. போர்த்துகீசியத்தில் இதே சொல்லை வைத்து ஒரு பழமொழியே இருக்கிறது: புயலுக்குப் பிறகு பொனான்ஸா வரும். இன்னும் பின்னால் போனால் ஒரு வேடிக்கை. கிரேக்கத்தில் 'மலாக்கோஸ்' என்றால் மென்மை. அதிலிருந்து கடல் மெத்தென்று கிடக்கும் நிலைக்கு 'மலாக்கியா' என்ற பெயர் வந்தது. அது லத்தீனுக்குப் போனதும், அங்குள்ளவர்களுக்கு முதல் அசையான 'மல்' என்பது 'கெட்ட' என்று காதில் விழுந்தது. அமைதியான கடல் நல்ல விஷயமாயிற்றே, அதற்குப் போய் 'கெட்ட' என்று பெயரா என்று நினைத்து, தலையை வெட்டி 'போன்' என்ற நல்ல தலையை ஒட்டிவிட்டார்கள். 'பொனாக்கியா' ஆயிற்று, அது ஸ்பானிஷில் பொனான்ஸா ஆயிற்று. ஒட்டுப்போட்ட சொல்தான். ஒரு தவறான காது பிடித்து வைத்த பிள்ளையார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு எதிர்ச்சொல்லும் உண்டு, 'பொர்ராஸ்கா'. கொந்தளிப்பு, புயல். அந்தச் சொல்லின் அடியில் இருப்பது போரியாஸ் என்ற கிரேக்க வடகாற்று. நம் வாடையும் வடக்கிலிருந்து வருகிற காற்றுதான், அதுவும் சங்கப் பாட்டில் யாருக்கும் நல்லது செய்வதாகக் காணோம்.

கடலோடிகளின் இந்த இரண்டு சொல்லையும் ஸ்பானிஷ்காரர்கள் மெக்சிகோவின் வெள்ளிச் சுரங்கங்களுக்கு எடுத்துப்போனார்கள். பூமிக்குள் கடல் ஏது என்று கேட்கலாம். சுரங்கம் தோண்டுகிறவன் நிலைமையும் கடலுக்குப் போகிறவன் நிலைமையும் ஒன்றுதான். நாள் முழுக்க உழைத்தாலும் முன்னால் என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. தாது நன்றாகக் கிடைக்கிற நாளில் சுரங்கம் 'பொனான்ஸாவில் இருக்கிறது' என்றார்கள், வெறும் பாறையாக வந்தால் 'பொர்ராஸ்காவில் இருக்கிறது' என்றார்கள். இந்தச் சொல் ஒரு பொருளுக்குப் பெயராக இல்லாமல் ஒரு நிலைமைக்குப் பெயராக இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கடல் இன்றைக்கு அமைதியாக இருக்கிறது என்பது போல, சுரங்கம் இன்றைக்கு நன்றாக இருக்கிறது. நாளைக்கு இருக்கும் என்று அதில் உத்தரவாதம் கிடையாது.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் வந்து ஒட்டியது 19-ஆம் நூற்றாண்டில், அமெரிக்காவின் மேற்குப் பகுதியில். அதை உலகறியச் செய்த இடம் நெவாடா மாநிலத்தின் வர்ஜீனியா சிட்டி. அந்தக் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் சொல்லின் முழுக் குணமும் அதில் இருக்கிறது.

1859-இல் அங்கே மலைச்சரிவில் சிலர் தங்கத் துகள் தேடிக்கொண்டிருந்தார்கள். மண்ணை வாரி, தொட்டில் மாதிரி ஆட்டுகிற ஒரு மரப்பெட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றி அலசுவார்கள். கனமான தங்கம் அடியில் தங்கும், மண் ஓடிவிடும். அங்கே ஒரு தொல்லை, நீலம் பாரித்த கனத்த சேறு ஒன்று. தொட்டிலில் அப்பிக்கொள்ளும், ஓடாது, தங்கத்தையும் விடாது. அதைத் திட்டிக்கொண்டே வழித்து வழித்து ஓரமாக வீசினார்கள். யாரோ ஒருவருக்குச் சந்தேகம் வந்து அதில் கொஞ்சம் எடுத்து மலைக்கு அந்தப்பக்கம் கலிஃபோர்னியாவில் சோதனைக்குக் கொடுத்தார்கள். வந்த முடிவைச் சோதித்தவரே நம்பவில்லை. அந்த நீலச் சேறு முழுக்க வெள்ளித் தாது. அவர்கள் தேடிய தங்கத்தைவிட, வேண்டாம் என்று வீசியதில் இருந்த வெள்ளிக்கு மதிப்பு அதிகம்.

அதுதான் காம்ஸ்டாக் தாதுப்படிவு. ஹென்றி காம்ஸ்டாக் என்பவரின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. கண்டுபிடித்தவர்கள் என்னவோ பீட்டர் ஓ'ரைலி, பாட்ரிக் மெக்லாக்லின் என்ற இரண்டு ஐரிஷ்காரர்கள். காம்ஸ்டாக் வாய்ச்சாலாக்கில் பங்கு வாங்கிக்கொண்டவர். அவரும் அதைச் சுமார் 11,000 டாலருக்கு விற்றுவிட்டு 1870-இல் கையில் ஒன்றும் இல்லாமல் இறந்துபோனார். உச்சம் அதற்குப் பிறகுதான் வந்தது.

1870 வாக்கில் காம்ஸ்டாக் படிவு ஓய்ந்துவிட்டது என்று பலர் நினைத்தார்கள். மேலே இருந்த நல்ல தாதெல்லாம் எடுத்தாயிற்று. கன்சாலிடேட்டட் வர்ஜீனியா என்ற சுரங்கம் பொர்ராஸ்காவில் கிடந்தது. பங்கு விலை தரைமட்டம். அதை நாலு பேர் சேர்ந்து சல்லிசாக வாங்கிப் போட்டார்கள். ஜான் மக்கே, ஜேம்ஸ் ஃபேர் இருவரும் சுரங்கத்துக்குள் வேலை பழகியவர்கள். மக்கே டப்ளினில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, கூலிக்குப் பாறை உடைத்து மேலே வந்தவர். மற்ற இருவரான ஜேம்ஸ் ஃப்ளட், வில்லியம் ஓ'பிரையன் ஆகியோர் சான் பிரான்சிஸ்கோவில் மதுக்கடை வைத்திருந்தார்கள். பங்குத் தரகர்கள் மத்தியானம் குடிக்க வரும் கடை, யார் எதை வாங்குகிறார்கள் என்ற பேச்செல்லாம் கல்லாவிலேயே காதில் விழும். நாலு பேருமே ஐரிஷ் வம்சாவளி. பூமிக்கு அடியில் ஆயிரம் அடிக்கும் கீழே குடைந்துகொண்டே போனபோது கத்தி முனை மாதிரி ஒரு மெல்லிய தாதுக் கோடு தட்டுப்பட்டது, ஃபேர் அதை விடாமல் பின்தொடர்ந்தார், சில நாள் அதுவும் காணாமல் போய் மறுபடி கிடைத்தது என்று சொல்வார்கள். 1873-இல் அது விரிந்தது. ஒரு பெரிய அறை நிறைய வெள்ளியும் தங்கமும் கலந்த தாது. அதற்குத்தான் 'பிக் பொனான்ஸா' என்று பெயர் வந்தது. அடுத்த பத்தாண்டுக்குள் அந்தச் சுரங்கமும் அதையொட்டிய இன்னொன்றும் சேர்ந்து 10 கோடி டாலருக்கு மேல் தந்தன, அன்றைய டாலர். நாலு பேருக்கும் 'பொனான்ஸா மன்னர்கள்' என்று பட்டம்.

வந்த வேகத்தில் முடிந்தும் போனது. 1870-களின் கடைசியிலேயே தாது வற்ற ஆரம்பித்தது, பங்கு விலை சரிந்தது, கடைசியாக வாங்கினவர்கள் தலையில் துண்டு. 20,000 பேருக்கு மேல் இருந்த வர்ஜீனியா சிட்டியில் இன்று நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. சுற்றுலாக்காரர்கள் வந்து பழைய மரப்பலகை நடைபாதையில் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

இப்போது சொல்லின் அங்க அடையாளங்கள் தானாகவே தெரிகின்றன அல்லவா? எதிர்பாராமல் அகப்படுவது, அளவுக்கு மீறிக் கொட்டுவது, என்றைக்கோ வற்றிவிடுவது. இந்த மூன்றில் இரண்டாவது மட்டும் இருந்தால் அது வெறும் 'அபண்டன்ஸ்', மிகுதி. மூன்றும் சேர்ந்தால்தான் பொனான்ஸா.

அதன் பிறகு சொல் சுரங்கத்தை விட்டு வெளியே வந்து ஊர் சுற்ற ஆரம்பித்தது. 1870-களில் வடக்கு டக்கோடா, மினசோட்டா எல்லையில் ரெட் ரிவர் பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கான ஏக்கர் கோதுமைப் பண்ணைகள் முளைத்தன. 1873 நிதி நெருக்கடியில் கவிழ்ந்த நார்தர்ன் பசிபிக் ரயில் கம்பெனியின் கடன் பத்திரங்களை வைத்திருந்தவர்கள், பணத்துக்குப் பதிலாக அதன் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். வறண்டு போன பத்திரத்துக்குக் கிடைத்த கன்னி மண், நல்ல மழை, நல்ல விலை. அவற்றுக்கு 'பொனான்ஸா பண்ணை' என்று பெயர் வைத்தார்கள். கோதுமை விலை விழுந்து, வறட்சியும் வந்ததும் அவையும் துண்டு துண்டாக விற்கப்பட்டன. 1896 ஆகஸ்டில் கனடாவின் யூகான் பகுதியில் ராபிட் க்ரீக், அதாவது முயல் ஓடை என்று சும்மா கிடந்த ஒரு ஓடையில் தங்கம் கிடைத்தது. சில நாளிலேயே அதற்கு 'பொனான்ஸா க்ரீக்' என்று பெயர் மாறிவிட்டது. க்ளோண்டைக் தங்க வேட்டை என்று சரித்திரத்தில் படிப்பது அதைத்தான். லட்சம் பேர்வரை கிளம்பினார்கள். பாதிப் பேர்கூடப் போய்ச் சேரவில்லை, போய்ச் சேர்ந்தபோது நல்ல ஓடையெல்லாம் யாராவது வேலி போட்டு வைத்திருந்தார்கள். 1959 முதல் 1973 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் இதே பெயரில் ஒரு தொடர் ஓடியது, கதை நடக்கிற இடம் அதே நெவாடா. உலகத்தில் பாதிப் பேருக்கு இந்தச் சொல் காதில் ஏறியதே அந்தத் தொடரின் புண்ணியத்தில்தான் என்பது என் அனுமானம்.

சரி, இன்றைய ஆங்கிலத்தில் இதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள்?

உச்சரிப்பு 'ப-னான்-ஸ'. முதல் எழுத்தை அமுக்கி, நடுவில் அழுத்த வேண்டும். 'போ' என்று நீட்டினால் போனஸ் வாசம் வந்துவிடும். எண்ணக்கூடிய பெயர்ச்சொல், ஆகவே முன்னால் 'எ' போடலாம், பன்மையும் உண்டு. யாருக்கு அடித்தது என்று சொல்ல 'ஃபார்' வரும். எது கொட்டியது என்று சொல்ல 'ஆஃப்' வரும். வேறொரு பெயர்ச்சொல்லின் முன்னால் அடைமொழியாகவும் நிற்கும், பொனான்ஸா வருஷம், பொனான்ஸா மகசூல் என்பது போல. படம் எதிர்பாராமல் ஓடி வசூல் குவித்தால் பாக்ஸ் ஆபீஸ் பொனான்ஸா. பத்திரப்பதிவு திடீரென்று கூடி அரசு கஜானா நிறைந்தால் வரி பொனான்ஸா. ஒரு புதிய சட்டம் ஏகப்பட்ட குழப்பத்தோடு வந்து ஊரெல்லாம் கோர்ட்டுக்கு ஓடினால், அது வக்கீல்களுக்கு பொனான்ஸா. இந்தக் கடைசிப் பயன்பாட்டில் ஒரு குத்தல் இருக்கிறது, கவனியுங்கள். அடுத்தவன் கஷ்டத்தில் இன்னொருவனுக்கு அடித்த யோகம் என்பது உள்ளே ஒளிந்திருக்கிறது. ஆங்கிலப் பத்திரிகைகள் அந்தக் குத்தலுக்காகவே இந்தச் சொல்லை எடுப்பதும் உண்டு. மொழிபெயர்க்கும்போது அது தொலைந்துவிடக் கூடாது. 'காட்டில் மழை' இந்த இடத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. 'புதுச் சட்டம், வக்கீல்கள் காட்டில் மழை' என்று எழுதினால் பொருளும் வந்துவிடும், குத்தலும் வந்துவிடும்.

நம் ஊர் ஆங்கிலச் செய்திகளில் ஒரு பழக்கம் உண்டு. அகவிலைப்படி மூன்று சதவீதம் உயர்ந்தால் 'அரசு ஊழியர்களுக்குத் தீபாவளி பொனான்ஸா' என்று தலைப்பு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை விலைவாசிக் குறியீட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டு உயர்த்துகிற தொகை அது. எப்போது வரும், ஏறக்குறைய எவ்வளவு வரும் என்று ஊழியர் சங்கத்துக்காரர் விரலில் எண்ணிச் சொல்வார். இதில் அகப்பட்டது என்ன, கொட்டியது என்ன? துணிக்கடை 'ஆடி பொனான்ஸா'வும் இந்த ரகம்தான். ஆடி வருஷா வருஷம் வருகிறது, தள்ளுபடியும் வருஷா வருஷம் வருகிறது. விளம்பரத்தை நான் குறை சொல்லவில்லை, சத்தமான சொல் அவர்களுக்கு வேண்டும். ஆனால் நீங்கள் எழுதும்போது அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாதீர்கள்.

அக்கம்பக்கத்துச் சொற்களோடு வைத்துப் பார்த்தால் இன்னும் தெளியும். 'வின்ட்ஃபால்' என்பது காற்றில் உதிர்ந்த பழம். நீங்கள் மரம் ஏறவில்லை, கல் எறியவில்லை, காலடியில் மாங்காய் விழுந்து கிடக்கிறது. பொறுக்கிக்கொண்டால் முடிந்தது, அது ஒருமுறை வரவு. பொனான்ஸா கொஞ்ச காலமாவது கொட்டிக்கொண்டிருக்க வேண்டும். போர்க் காரணத்தால் கச்சா எண்ணெய் விலை ஏறி நிறுவனங்களுக்குத் திடீர் லாபம் வந்தபோது மத்திய அரசு 2022 ஜூலையில் போட்ட வரிக்கு வின்ட்ஃபால் வரி என்றே பெயர். 2024 டிசம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். உங்கள் சாமர்த்தியத்தால் வந்த லாபம் இல்லை, காற்றடித்து விழுந்தது, எனவே எங்களுக்கும் பங்கு கொடு என்ற வாதம் அந்தப் பெயருக்குள்ளேயே அடங்கிவிட்டது.

'கோல்ட்மைன்' வேறு மாதிரி. அதில் திடீர் என்பது முக்கியமில்லை, தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருக்க வேண்டும். தகவலுக்கு இந்தச் சொல் பொருந்துகிற மாதிரி வேறெதுவும் பொருந்தாது. பாட்டியின் பழைய கணக்கு நோட்டு ஆராய்ச்சியாளனுக்கு ஒரு கோல்ட்மைன். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் கோலார் தங்கவயலைப் பாருங்கள். 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே தோண்டத் தொடங்கியபோது முதலில் பணம்தான் கரைந்தது. போட்ட முதல் தீரப் போகிற தறுவாயில் சாம்பியன் ரீஃப் என்ற தங்கப் படிவு அகப்பட்டது. அந்த அகப்பட்ட நிமிஷம் பொனான்ஸா. அதன் பின் நூறு வருஷத்துக்கு மேல், வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், தர்மபுரிப் பக்கத்திலிருந்தும் போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி, பூமிக்கு அடியில் மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை போய் எடுத்ததெல்லாம் கோல்ட்மைன், சொல்லுக்குச் சொல். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடினார்கள். சாம்பியன் ரீஃப் என்ற பெயர் அங்கே ஒரு பேட்டைப் பெயராக இன்னும் இருக்கிறது.

'ட்ரெஷர் ட்ரோவ்' புதையல். யாரோ ஒளித்து வைத்தது, நீங்கள் கண்டெடுத்தது. இது சட்டச் சொல்லும்கூட. 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் மண்ணுக்குள் எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரியப்படுத்த வேண்டும். 'கார்னுகோபியா' கிரேக்கப் புராணத்து ஆட்டுக்கொம்பு, பழமும் பூவும் தானியமும் வழிந்துகொண்டிருக்கும். எண்ணிக்கையைவிட வகைவகையாக இருப்பதைச் சொல்ல அது. 'வெல்ஸ்ப்ரிங்' ஊற்று, கற்பனைக்கும் அன்புக்கும் போடலாம், பணத்துக்குப் போட்டால் ஒட்டாது.

இனி தமிழுக்கு வருவோம். இங்கேதான் எனக்குப் பிடித்த சிக்கல் இருக்கிறது.

வளம் கொட்டுகிற பொருளுக்கு நம்மிடம் சொல் பஞ்சமே இல்லை. அட்சய பாத்திரம், அமுதசுரபி, காமதேனு, கற்பகத் தரு, வற்றாத ஊற்று, களஞ்சியம், கருவூலம். பொனான்ஸாவைப் பார்த்ததும் இவற்றில் ஒன்றைத் தூக்கிப் போடத்தான் கை பரபரக்கும். போட்டால் பொருள் தலைகீழாகிவிடும். அட்சயம் என்றால் என்ன? குறையாதது. பொனான்ஸாவோ குறைந்தே தீரும். நம் முன்னோர் வளத்தைக் கற்பனை செய்தபோது வற்றாமல் இருப்பதை ஆசைப்பட்டார்கள். நெவாடாவில் வெள்ளி தோண்டினவனுக்கு வற்றாமல் இருப்பதில் நம்பிக்கை இல்லை, வற்றுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்ற அவசரம்தான்.

மணிமேகலையில் அமுதசுரபி கதையைப் பார்த்தால் இந்த இடைவெளி இன்னும் நன்றாகத் தெரியும். ஆபுத்திரன் கையில் அந்தப் பாத்திரம் இருந்தபோது அது ஒருநாளும் வற்றவில்லை. இந்திரன் மழையைப் பெய்வித்து நாடு செழித்தது, பசித்து வருகிறவர் இல்லாமல் போனார்கள். சோறு இருக்கிறது, வாங்கத்தான் ஆள் இல்லை. கடைசியில் மணிபல்லவத் தீவில் தனியே விடப்பட்டு, பலருக்குப் படியளக்க வேண்டிய பாத்திரம் தன் ஒருவன் வயிற்றுக்காக இருப்பதா என்று கோமுகிப் பொய்கையில் அதை விட்டுவிட்டு உயிர் விட்டான். பிறகு அது மணிமேகலை கைக்கு வருகிறது, ஆதிரை முதல் பிச்சை இடுகிறாள். இந்தக் கதையில் கொடுக்கிறவன் கவலையெல்லாம் வாங்குகிறவன் எங்கே என்பது. பொனான்ஸாக் கதையில் கவலையெல்லாம் பங்கு யார் யாருக்கு என்பது. ஒன்றை மற்றொன்றுக்குப் பெயராகச் சூட்ட எனக்கு மனம் வருவதில்லை. நூலகத்துக்கோ நல்ல ஆசிரியருக்கோ அமுதசுரபி என்று தாராளமாகச் சொல்லுங்கள். அறிவுக்கு ஊற்று என்பதை வள்ளுவரே 'தொட்டனைத் தூறும் மணற்கேணி' என்று போட்டுக் கொடுத்திருக்கிறார். தோண்டத் தோண்டச் சுரப்பதற்கு அது, அகப்பட்டுத் தீருவதற்கு இல்லை.

அப்படியானால் எது பொருந்தும்? பேச்சுத் தமிழில் தேடினால் கிடைக்கிறது. 'அடித்தது யோகம்' என்பதுதான் என் முதல் தேர்வு. யோகம் அடிக்கும், எப்போது என்று தெரியாது, ஜாதகத்தில் தசை மாறினால் போய்விடும் என்பதும் கேட்பவருக்குத் தெரியும். திடீர்த்தனமும் நிலையாமையும் விளக்கம் இல்லாமல் வந்துவிடுகின்றன. 'கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டுகிறது' என்பது அளவைக் காட்டும். 'ஜாக்பாட்' இப்போது தமிழ்ச் சொல் மாதிரியே ஆகிவிட்டது, சூதாட்ட வாடை தொந்தரவில்லை என்றால் அதையும் போடலாம். தலைப்பில் அளவாகத்தான், நாளுக்கு மூன்று ஜாக்பாட் போட்டால் வாசகர் சலித்துவிடுவார். கட்டுரை நடையில் 'திடீர் வளம்', 'எதிர்பாராப் பெருவரவு' என்று எழுதலாம், கொஞ்சம் விறைப்பாக இருக்கும். பொருளாதாரக் கட்டுரையில் அந்த விறைப்பே பொருத்தம்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது, கடற்கரையில் இருக்கிறது. மீனவர்கள் வலையில் விழுவதைப் 'பாடு' என்பார்கள், மீன்பாடு. 'இன்னிக்கு நல்ல பாடு' என்றால் வலை நிறைந்தது. 'பாடு இல்லை' என்றால் டீசலுக்குக்கூடத் தேறவில்லை. ஸ்பானிஷ்காரன் கடலில் இருந்து சுரங்கத்துக்கு எடுத்துப்போன அந்த நிலைமை, நாளுக்கு நாள் மாறுகிற அதிர்ஷ்டம், இந்த ஒரு சொல்லில் அப்படியே இருக்கிறது. பொதுவழக்கில் பாடு என்றால் கஷ்டம், 'பெரும்பாடு பட்டேன்' என்போம். கடற்கரையில் அதே சொல் வரவு. மீன் பற்றிய செய்தியில் 'பொனான்ஸா' வந்தால் யோசிக்காமல் 'நல்ல மீன்பாடு' என்று எழுதுங்கள், ராமேஸ்வரத்திலும் புரியும், தூத்துக்குடியிலும் புரியும். மற்ற துறைச் செய்திக்கு அதை இழுத்துப் போடாதீர்கள், அங்கே கஷ்டம் என்று படித்துவிடுவார்கள்.

சொல்லை மாற்றாமல் 'பொனான்ஸா' என்றே எழுதலாமா? பெயராக வந்தால் அப்படியே விடுங்கள். பொனான்ஸா க்ரீக்கை யோக ஓடை ஆக்க வேண்டாம். மற்ற இடத்தில் ஒரு சின்னச் சோதனை வைத்திருக்கிறேன். வாக்கியத்தில் பொனான்ஸாவை எடுத்துவிட்டு 'வற்றாத' என்ற அடைமொழியோடு ஏதாவது ஒரு சொல்லைப் போட்டுப் பார்ப்பேன். பொருள் கெடாமல் நின்றால் ஆங்கிலத்தில் எழுதியவரே சொல்லைத் தளர்வாகத்தான் பயன்படுத்தியிருக்கிறார், ஊற்று, சுரங்கம், களஞ்சியம் எது வேண்டுமானாலும் சரி. பொருள் கெட்டால் யோகம் பக்கம் போவேன். வெங்காயச் செய்தியில் இதைப் போட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்கே பிழைத்திருப்பேன். வற்றாத வெங்காய விலை என்று ஒன்று உண்டா என்ன?

அந்தப் பெரியவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். போனஸ் எதுவும் கிடையாது ஐயா, விலை ஏறியிருக்கிறதே, அதைத்தான் அப்படி எழுதிவிட்டேன், தப்பு என்னுடையது என்றேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். "வெலையச் சொல்றீங்களா? அது யோகம்ல தம்பி. போனஸ்னு எழுதிட்டீங்களே" என்றார். போனை வைக்கப் போனவர் ஏதோ நினைத்துக்கொண்டு மறுபடி பேசினார். "நாலு மூட்ட பட்டறையில வெச்சிருக்கேன். இன்னும் ஏறுமா, இப்பவே தள்ளிரலாமா? பேப்பர்ல இருக்கீங்க, தெரிஞ்சா சொல்லுங்க."

தெரியவில்லை என்றேன். அன்றைக்கே லாரி பிடித்துவிட்டதாகப் பிறகு ஒருநாள் அவரே போனில் சொன்னார்.